ஜூனியர் இன்சார்ஜ் ஆகிவிட்டார், நான் இன்னும் ஸ்டாஃப் நர்ஸ்தான்

கேள்வி: மேடம், எனக்கு 31 வயது. ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்து, ஒன்பது வருடமாகத் திருச்சியில் 150 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். கைக்கு 19,000 வருகிறது. நான் பக்கத்தில் நின்று ஏ.பி.ஜி. (தமனி ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொல்லிக்கொடுத்த பி.எஸ்சி. பெண், போன மாதம் எனக்கே இன்சார்ஜ் ஆகிவிட்டார். இப்போது என்.ஏ.பி.ஹெச். தர அங்கீகாரம் வாங்கப்போகிறோம் என்று சொல்லி, என்னை இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் (தொற்றுக் கட்டுப்பாடு) நர்ஸாக இருக்கச் சொல்கிறார்கள். சம்பளம் ஏறாது, நைட் அலவன்ஸும் போய்விடும். "அது ஃபைல் தூக்குற வேலை, மாட்டிக்காதே" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கச் சொல்கிறார் கணவர். இரண்டரை லட்சம் கட்டினால் லண்டன் என்கிறது ஒரு ஏஜென்சி. பையன் யு.கே.ஜி. படிக்கிறான். என் ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் மருத்துவமனையில்தான் இருக்கின்றன. நான் எந்தப் பக்கம் போவது?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: சிஸ்டர், லண்டன், படிப்பு, ஃபைல் என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் சுடுவது அந்த இன்சார்ஜ் விஷயம்தான். அதையே முதலில் பேசிவிடுவோம்.

அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை என்று உங்களுக்கே தெரியும். நிர்வாகம் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹெச்.ஆர். மேசையில் இரண்டு ஃபைல். ஒன்றில் 'பி.எஸ்சி. நர்சிங்' என்று இருக்கிறது. இன்னொன்றில் 'ஜி.என்.எம்., ஒன்பது வருடம்' என்று இருக்கிறது. அந்த ஒன்பது வருடத்தில் நீங்கள் எத்தனை வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தீர்கள், எத்தனை கோட் ப்ளூவில் (இதயம் நின்றவருக்கான அவசர அழைப்பு) நின்றீர்கள், எத்தனை பேருக்கு வேலை பழக்கினீர்கள் என்பதற்கு ஒரு வரிகூட அந்த ஃபைலில் இல்லை. நமக்குப் பயிற்சியில் முதல் வருடமே சொல்லிக்கொடுப்பது என்ன? "எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம்." நோயாளிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பொசிஷன் மாற்றியதைக்கூடக் குறித்துவைக்கும் நாம், நம்மைப் பற்றி ஒரு வரி எழுதிவைப்பதில்லை.

நானும் இதில் அடிபட்டவள்தான். ஏழு வருட ஐ.சி.யூ. அனுபவத்தோடு வேறொரு மருத்துவமனையில் இன்சார்ஜ் வேலைக்கு இன்டர்வியூ போனேன். பழைய இடத்தில் கொடுத்த அனுபவச் சான்றிதழில் 'ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தார், நடத்தை நன்று' என்று மட்டும் இருந்தது. எத்தனை பெட் ஐ.சி.யூ., ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை வென்டிலேட்டர், புது ஆட்களுக்கு ஓரியன்டேஷன் கொடுத்திருக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் 'ஆமா, நிறைய' என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. அந்த வேலை நாலு வருட அனுபவம் உள்ள ஒருவருக்குப் போனது. அவர் கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இருந்த கடையில் நானும் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன்.

நீங்களும் இந்த வாரமே ஒன்று வாங்குங்கள். மாதத்துக்கு அரைப் பக்கம் போதும். 'நைட் 9. வென்டிலேட்டர் நோயாளிகள் 14. கோட் ப்ளூ 2. சி.ஆர்.ஆர்.டி. (தொடர் டயாலிசிஸ்) மெஷின் முதல்முறை தனியாகப் பார்த்தேன். புது ஸ்டாஃப் ஒருவருக்கு இரண்டு வாரம் பழக்கினேன்.' இப்படி எழுதினால் சரி. நோயாளியின் பெயரோ ஐ.பி. நம்பரோ அதில் வரவே கூடாது. பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்ற உயிர்காக்கும் பயிற்சிகளை எடுத்திருந்தால் தேதியோடு குறித்துவையுங்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். காலாவதியான கார்டை இன்டர்வியூவில் நீட்டித் தலைகுனிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல். உங்கள் கூட்டாளிகள் சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன்: ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாய்வார்த்தையில் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். என்.ஏ.பி.ஹெச். என்பது இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் இயங்கும் அங்கீகார அமைப்பு. அவர்கள் ஆய்வுக்கு வரும்போது தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு இருக்கிறதா, அதற்கென்று ஒரு நர்ஸை நியமித்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அதாவது இது யாரோ மனம் வைத்தால் கிடைக்கும், மனம் மாறினால் பறிபோகும் பதவி இல்லை. அங்கீகாரம் வேண்டும் என்றால் அந்த நாற்காலி இருந்தாக வேண்டும். 'இன்சார்ஜ் எப்போது காலியாகும்' என்று காத்திருப்பதைவிட இது மேல்.

அதைவிடப் பெரிய லாபம், இந்த வேலை உங்களுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கும். தினமும் ஒரே நேரத்தில், காலை பத்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தாளோடு ஐ.சி.யூ.வைச் சுற்றி வருவீர்கள். எத்தனை பேர் வென்டிலேட்டரில், எத்தனை பேருக்கு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்த நாளத்தில் போடும் குழாய்), எத்தனை பேருக்கு யூரின் கத்தீட்டர் என்று குறிப்பீர்கள். மாதக் கடைசியில் கூட்டினால் வென்டிலேட்டர் நாட்கள் 240 என்று வருகிறது. அந்த மாதம் வென்டிலேட்டரால் நிமோனியா வந்தவர்கள் 3 பேர். மூன்றை 240ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 12.5. ஆயிரம் வென்டிலேட்டர் நாளுக்கு 12.5. 'மூணு பேருக்கு வந்துடுச்சு சார்' என்று சொன்னால் எம்.டி. தலையாட்டிவிட்டுப் போவார். 'போன காலாண்டில் 12.5, இந்தக் காலாண்டில் 8' என்று சொன்னால் உட்காரச் சொல்வார். ஒன்று மட்டும் கவனம்: உங்களுடையது போன்ற நடுத்தர மருத்துவமனையில் ஒரே ஒரு கேஸ் கூடினாலும் மாதக் கணக்கு எகிறிவிடும். மாதத்தை வைத்துக் கொண்டாடவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். மூன்று மாதம் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் இது ஃபைல் வேலையா என்றால், நடக்காமல் உட்கார்ந்தே இருப்பவருக்கு ஃபைல் வேலைதான். நான் இந்தப் பொறுப்புக்கு வந்த புதிதில் எல்லா சார்ட்டிலும் 'படுக்கைத் தலைப்பக்கம் 30 டிகிரி' என்று அழகாக எழுதியிருப்பார்கள். தலைப்பக்கம் அப்படி உயர்ந்திருந்தால்தான் வென்டிலேட்டர் நிமோனியா குறையும். ஆனாலும் அது குறையவில்லை. ஒரு நாள் என் மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கட்டிலாக அளந்தேன். எட்டுக் கட்டிலில் மூன்றுதான் முப்பதைத் தொட்டன. ஒன்று பன்னிரண்டில் கிடந்தது. அதைத் தூக்கும் ஹேண்டில் உடைந்து எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதியவர்களும் பொய் எழுதவில்லை. முந்தைய ஷிஃப்டில் இருந்ததைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள். ஹேண்டிலைச் சரிசெய்து, சுவரில் ஒவ்வொரு கட்டிலுக்கும் சிவப்பு டேப்பால் ஒரு கோடு ஒட்டினோம். கோட்டுக்குக் கீழே தலையணை இருந்தால் அட்டெண்டர் அம்மாகூடக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். அந்தச் சிவப்பு டேப்பைப் பற்றித்தான் எனக்கு அடுத்த இன்டர்வியூவில் பதினைந்து நிமிடம் பேசக் கிடைத்தது. மூச்சுக் குழாயின் கஃப் பிரஷர், வாய் சுத்தம், கைகழுவுதல் என்று உங்கள் இடத்திலும் இப்படி ஏதாவது ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கும். ஒன்பது வருடம் கட்டிலருகே நின்றவருக்குத்தான் அது கண்ணில் படும்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள். வாட்ச் கட்டிக்கொண்டு ட்ரெஸ்ஸிங் செய்யும் சர்ஜனிடம் 'சார், கழற்றிடுங்க' என்று சொல்ல வேண்டிவரும். அதைவிட மோசம் ஒன்று உண்டு. ஆய்வுக்கு ஒரு வாரம் முன்னால், 'கடந்த ஆறு மாத ரிஜிஸ்டரை எழுதிக் கொடுத்துடுங்க சிஸ்டர்' என்று கேட்பார்கள். ஒரே பேனா, ஒரே மையில் ஆறு மாதம். அதைச் செய்யாதீர்கள். 'நான் பொறுப்பேற்ற தேதியிலிருந்து எழுதுகிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள்.

சரி, என்னென்ன கேட்டு வாங்குவது? பதவிப் பெயரும் தேதியும் போட்ட ஆர்டர் முதலில். 'ஐ.சி.யூ.வில் ஆள் குறைந்தால் உங்களைத்தான் இழுப்போம்' என்ற கதை நடக்காதபடி, இது முழுநேரப் பொறுப்பு என்று அந்த ஆர்டரிலேயே இருக்கட்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு மருத்துவமனைச் செலவில் அனுப்பச் சொல்லுங்கள். நைட் அலவன்ஸ் போவதால் மாதம் எவ்வளவு குறைகிறது என்பதை, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கூட்டி, அந்தத் தொகையை எழுதிக் கொடுங்கள். 'குறையுது மேடம்' என்று மட்டும் சொன்னால் எடுபடாது. ஆறு மாதம் கழித்துச் சம்பளத்தைத் திரும்பப் பார்ப்பதாக எழுத்தில் கேளுங்கள். முழுவதும் கிடைக்காது, பாதி கிடைக்கும்.

சம்பளப் பேச்சு வந்ததால் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசு நர்ஸுக்கு நிகராகவும், 100க்கு மேல் உள்ளவை அதில் பத்து சதவீதத்துக்கு மேல் குறையாமலும் சம்பளம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 50 படுக்கைக்கும் குறைவான இடத்தில்கூட 20,000க்குக் குறையக் கூடாது என்றது. 150 படுக்கை உள்ள இடத்தில் நீங்கள் 19,000 வாங்குகிறீர்கள். பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இதை வைத்துத் தனியாளாகச் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் பேச உட்காரும்போது நீங்கள் கேட்பது பேராசை இல்லை என்பதாவது மனதில் இருக்கட்டும்.

படிப்பு விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எப்போது, எந்த வழியில் என்பதுதான் கேள்வி. ரெகுலர் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம் முழுநேரம். வேலையை விட்டால் சம்பளம் மட்டுமே 4,56,000 போகிறது, ஃபீஸ் தனி. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஆக வேண்டும், கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. அந்த ஏணியில் பி.எஸ்சி. இல்லாமல் ஏறுவது கடினம். பக்கத்துப் பெண் இன்சார்ஜ் ஆனார் என்ற கோபத்துக்காகப் படிப்பதாக இருந்தால் வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே படிக்க இக்னோ நடத்தும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது. பதிவு பெற்று இரண்டு வருடம் பணியில் இருக்கும் ஜி.என்.எம்.களுக்கானது, நுழைவுத் தேர்வு உண்டு, குறைந்தது மூன்று வருடம் ஆகும். பகல் டூட்டிக்கு மாறினால் உங்களுக்கு இது ஒத்துவரும். பணம் கட்டுவதற்கு முன்னால், கூடுதல் தகுதியாகப் பதிவு செய்துகொள்வார்களா என்று சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

'மாசம் ரெண்டு நாள் வந்தா போதும், அட்டெண்டன்ஸை நாங்க பாத்துக்கறோம்' என்று சொல்லும் கல்லூரிகளின் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஒரே தேதியில் திருச்சியில் டூட்டி ரோஸ்டரிலும் வெளியூர்க் கல்லூரியின் வருகைப் பதிவேட்டிலும் உங்கள் பெயர் இருந்தால், பின்னால் வெளிநாட்டுச் சரிபார்ப்பில் இரண்டு சான்றிதழுமே சந்தேகத்துக்கு ஆளாகும்.

பட்டம் வேண்டாம், ஐ.சி.யூ.வே போதும் என்று தோன்றினால், ஜி.என்.எம்.மே போதுமான ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ கிரிட்டிக்கல் கேரில் இருக்கிறது. எம்.எஸ்சி. பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டாலும் இப்போது வேண்டாம் என்பேன். எம்.எஸ்சி. முடித்துவிட்டுத் தனியார் கல்லூரியில் ட்யூட்டராக, ஐ.சி.யூ. சம்பளத்தைவிடக் குறைவாக வாங்குகிற பெண்களை எனக்கு நன்றாகவே தெரியும்.

அரசு வேலை என்றால் வயதைப் பாருங்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வில் வரம்பு 30. மத்திய ஓ.பி.சி. பட்டியலில் வந்தால் 33 வரை, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 35 வரை. அடிப்படைச் சம்பளமே 44,900. ஜி.என்.எம். படித்தவர்கள் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். நீங்கள் தளர்வுக்குள் வருகிறீர்கள் என்றால் ஒரு முறையாவது எழுதிப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யில் வயதுக் கெடுபிடி குறைவு. ஆனால் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலமுறை ஊதியத்துக்குக் காத்திருக்க வேண்டும். 2015இல் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை முறை போராட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள் என்று பார்த்திருப்பீர்கள்.

லண்டன் ஏஜென்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தியச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். பிரிட்டன் அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி நர்ஸிடம் அதுவும் வாங்கக் கூடாது. இரண்டரை லட்சம் எதற்கு என்று அந்த ஏஜென்சியிடம் எழுதிக் கேளுங்கள், பதில் வராது. ஜி.என்.எம்.மை அந்த நாட்டில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வில் எழுதும் பகுதிக்கு சி ப்ளஸ், மற்ற மூன்றுக்கும் பி வாங்க வேண்டும். பிறகு கணினித் தேர்வு, அங்கே போய் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. இதில் எதையும் ஏஜென்ட் உங்களுக்காக எழுதப்போவதில்லை. இப்போது அங்கே முன்புபோல அள்ளிக்கொண்டும் போவதில்லை. வெளிநாடுதான் என்று முடிவு செய்தால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு நர்ஸ்கள் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்று 2015இல் விதி கொண்டுவந்தார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோலுக்குப் போனால் கட்டிலருகே வேலை பார்ப்பது நின்றுவிடும். வெளிநாட்டு ஆள்சேர்ப்பில் முதலில் கேட்பதே சமீபத்திய வார்டு அனுபவத்தைத்தான். அதனால் ஒன்றரை வருடம் என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். பகல் டூட்டி முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, பையனைத் தூங்கவைத்தபின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதிப் பழகுங்கள். ஓ.இ.டி.யில் எழுதச் சொல்வது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் அல்லது ரெஃபரல் கடிதம்தான். தினமும் வாயால் ஹேண்டோவர் கொடுக்கிறீர்களே, அதையே தாளில் கொடுப்பது. ஒன்றரை வருடத்தில் மொழி வந்துவிட்டால், ஐ.சி.யூ.வுக்குத் திரும்பி வெளிநாட்டு வழியைப் பாருங்கள். வரவில்லை என்றால் இக்னோ. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்காதீர்கள், வீடு தாங்காது.

கடைசியாக அந்த ஒரிஜினல் சான்றிதழ்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடியுங்கள். சேரும்போது அசலைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு, நகலை வைத்துக்கொண்டு திருப்பித் தருவதுதான் முறை. பீரோவில் பூட்டிவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. சண்டை போடாமல் ஒரு கடிதம் கொடுங்கள்: 'செவிலியர் கவுன்சில் பதிவுப் புதுப்பித்தலுக்காகவும் செவிலியருக்கான தேசிய அடையாள எண் வேலைக்காகவும் என் அசல் சான்றிதழ்கள் தேவைப்படுகின்றன, ஏழு நாளில் தரவும்.' இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பாண்டில் ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் நகலையும் கேளுங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, கவுன்சிலுக்கும் ஒரு பிரதி போடுங்கள். அதே கடிதத்தின் கடைசி வரியில் இதுவரையிலான அனுபவச் சான்றிதழையும் கேட்டுவிடுங்கள். அதில் மருத்துவமனையின் மொத்தப் படுக்கை எண்ணிக்கை, ஐ.சி.யூ. படுக்கை எண்ணிக்கை, சேர்ந்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். ஹெச்.ஆர்.காரர் 'ஃபார்மேட்டில் அதெல்லாம் இல்லை' என்பார். நீங்களே டைப் அடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுவார்.